வௌவாலின் மூளைக் கடிகாரம்: கண்டறிந்த வரலாறு

வௌவாலின் மூளைக் கடிகாரம் என்பது, அந்த விலங்கின் விழிப்பு, உறக்கம், இரை தேடப் புறப்படும் நேரம், உடல் வெப்பம், ஹார்மோன் சுரப்பு ஆகியவற்றை ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் நடத்தும் மூளைப் பகுதிகளின் தொகுப்பாகும். இவற்றுள் தலைமையானது சுப்ராகயாஸ்மேட்டிக் உட்கரு. இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்கு நேர் மேலே, ஹைப்போதலாமஸின் முன்பகுதியில், இடம் வலமாக ஓர் இணையாக இது அமைந்துள்ளது. எலியிலும் மனிதரிலும் உள்ள அதே உறுப்புதான் வௌவாலிலும் உள்ளது. இக்கட்டுரையில் இதனைச் சுருக்கமாகக் 'கடிகாரக் கரு' என்று குறிப்பிடுவோம். கடிகாரக் கருவுக்கு வெளிச்சச் செய்தியைத் தரும் விழித்திரையும், அதன் ஆணைப்படி இரவில் மெலடோனினைச் சுரக்கும் பீனியல் சுரப்பியும் இந்த அமைப்பின் மற்ற இரு உறுப்புகள்.

இந்த அமைப்பைப் பற்றிய அறிவு இரண்டு தனித்தனி வழிகளில் வளர்ந்தது. கடிகாரம் மூளையில் எங்கே இருக்கிறது என்பதை எலிகளையும் ஹாம்ஸ்டர்களையும் கொண்டு ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்தன. அந்தக் கடிகாரம் இயற்கையில் எப்படிச் சரிசெய்யப்படுகிறது என்ற கேள்விக்கு மிக அழகான விடைகளுள் சில, மதுரையை அடுத்த குகைகளில் வாழும் வௌவால்களிடமிருந்து கிடைத்தன.

குகைக்குள் இருப்பவருக்கு மாலை எப்படித் தெரியும்?

பூச்சியுண்ணும் வௌவால்கள் பல, குகையின் உட்பகுதியில் கூரையைப் பற்றித் தொங்கியபடி பகலைக் கழிக்கின்றன. ஆழமான குகையில் நண்பகலும் நள்ளிரவும் ஒரே இருட்டு. வெப்பமும் ஈரப்பதமும் பெரிதாக மாறுவதில்லை. ஆயினும் வெளியே சூரியன் மறையும் வேளையில் உள்ளே பரபரப்பு தொடங்கிவிடும். சிறிது நேரத்தில் வௌவால்கள் கூட்டமாக வாயிலை நோக்கி வரும்.

இந்த நேரக் கணக்கு வௌவாலுக்கு வாழ்வா சாவா என்பதாகும். மிக முன்னதாகப் புறப்பட்டால், பகல் வெளிச்சம் எஞ்சியிருக்கும் வானில் வல்லூறு, பருந்து போன்ற பறவைகளுக்கு இரையாக நேரிடும். மிகத் தாமதித்தால், அந்தி வேளையில் பூச்சிகள் மிகுதியாகப் பறக்கும் நேரம் கைநழுவிப் போகும். பாலூட்டும் தாய் வௌவாலுக்கு அந்த இழப்பு சிறியதன்று.

குகை வாயிலில் மங்கும் ஒளியைக் கண்டு புறப்படுகிறது என்று விடை சொல்லலாம். ஆனால் வாயிலுக்கு வரவேண்டுமானால் அதற்கு முன்பே விழித்திருக்க வேண்டுமே! இருட்டின் நடுவில் அதை எழுப்பியது எது?

தாவரத்திலிருந்து வௌவால் வரை

உயிரினத்துக்குள் ஒரு கடிகாரம் இருக்கலாம் என்ற ஐயம் முதலில் ஒரு செடியைப் பார்த்து எழுந்தது. பிரெஞ்சு வானியலாளர் ழான் ழாக் தொர்த்து தெ மெரான், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்தார். வெளிச்சம் இல்லாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் மடிந்தன. இது வெளியான ஆண்டு 1729. இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்வின் பூனிங், அவரைச் செடிகளில் இந்த ஒழுங்கு மரபுவழி வருவது என்று காட்டினார்.

வௌவாலிடம் இதே சோதனையைச் செய்தவர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் கிரிஃபினும் ஜான் வெல்ஷும் ஆவர். சூழல் மாறாத நிலையில் வைக்கப்பட்ட வௌவால்கள் தம் நாள் ஒழுங்கைத் தொடர்ந்தன என்று 1937இல் அவர்கள் எழுதினர். எதிரொலியைக் கொண்டு வௌவால் வழியறிகிறது என்பதைப் பின்னர் நிறுவிப் புகழ்பெற்றவர் இதே கிரிஃபின்தான். அந்தப் பெரிய கண்டுபிடிப்பின் வெளிச்சத்தில் 1937ஆம் ஆண்டுக் கட்டுரை பலர் கண்ணில் படாமல் போயிற்று.

இத்தகைய ஒழுங்குக்கு 'சர்க்காடியன்' என்ற பெயரை 1959இல் சூட்டியவர் பிரான்ஸ் ஹால்பெர்க். 'ஏறத்தாழ ஒரு நாள்' என்று பொருள் தரும் இலத்தீன் சொற்களிலிருந்து அது உருவானது. இங்கு 'ஏறத்தாழ' என்பதே முக்கியம். வெளிச்சமும் பிற அடையாளங்களும் இல்லாத இடத்தில் உடற்கடிகாரம் சரியாக 24 மணி நேரம் ஓடுவதில்லை. சிறிது முந்தும் அல்லது பிந்தும். ஒரு விலங்கின் கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து நிமிடம் முந்துவதாகக் கொள்வோம். முப்பது நாளில் அது 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம் முந்திவிடும். மாலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய வௌவால் பிற்பகல் இரண்டு மணிக்கே வாயிலில் நிற்கும். ஆகவே கடிகாரம் இருந்தால் மட்டும் போதாது. அதை நாள்தோறும் சரிசெய்யும் வழியும் வேண்டும். சுவர்க் கடிகாரத்தை வானொலி நேரத்துக்குத் திருத்தி வைத்த தலைமுறைக்கு இது எளிதில் விளங்கும்.

மூளையில் நடந்த தேடல்

கடிகாரம் உடலில் எங்கே இருக்கிறது என்று பிடிவாதமாகத் தேடியவர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் ரிக்டர். சுழலும் சக்கரத்தில் எலிகளை ஓடவிட்டு, அவற்றின் நாள் ஒழுங்கைப் பதிவு செய்தார். ஒவ்வொரு சுரப்பியாக நீக்கிப் பார்த்தார்; ஒழுங்கு குலையவில்லை. மூளையின் வெவ்வேறு இடங்களில் சிறு சேதம் ஏற்படுத்திப் பார்த்தார். ஹைப்போதலாமஸின் அடிப்பகுதி சேதமடைந்தபோது மட்டும் எலிக்கு இரவு பகல் வேறுபாடு மறைந்தது. 1960களில் தேடல் இந்த எல்லைக்குச் சுருங்கியது.

1972இல் இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று சாராமல் விடையை எட்டின. சிகாகோவில் ராபர்ட் மூரும் விக்டர் ஐக்லரும், பெர்க்லியில் ஃபிரெடரிக் ஸ்டீபனும் இர்விங் ஜுக்கரும் எலியின் சுப்ராகயாஸ்மேட்டிக் உட்கருவை அழித்தனர். முதல் குழு அட்ரீனல் ஹார்மோனின் நாள் ஏற்ற இறக்கம் மறைந்ததைக் கண்டது. இரண்டாம் குழு நீர் அருந்துவதிலும் ஓடுவதிலும் இருந்த ஒழுங்கு மறைந்ததைக் கண்டது. எலி அதே அளவு நீர் குடித்தது, ஓடியது, உறங்கியது. ஆனால் எல்லாவற்றையும் நேரங்காலம் இல்லாமல் செய்தது. விழித்திரையிலிருந்து நேராக இந்தக் கருவுக்கு வரும் நரம்பிழைக் கற்றையும் அதே காலத்தில் கண்டறியப்பட்டது.

இருப்பினும் ஓர் ஐயம் எஞ்சியது. அந்தக் கருவே கடிகாரமா, அல்லது வேறெங்கோ உள்ள கடிகாரத்தின் செய்தி அதன் வழியாகச் செல்கிறதா? ஜப்பானிய ஆய்வாளர்கள் இனோயேயும் கவாமுராவும் 1979இல், கருவைச் சுற்றியுள்ள நரம்பிணைப்புகளை வெட்டி அதை மூளைக்குள்ளேயே ஒரு தீவாக்கினர். தீவுக்கு வெளியே மின் துடிப்பின் நாள் ஒழுங்கு நின்றது; தீவுக்குள் அது தொடர்ந்தது.

இறுதிச் சான்று ஒரு தற்செயலான ஹாம்ஸ்டரால் கிடைத்தது. மைக்கேல் மெனேக்கரின் ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஹாம்ஸ்டர்களுள் ஒன்றின் நாள் 22 மணி நேரமாக இருந்தது. அதன் வழித்தோன்றல்களுள் சிலவற்றுக்கு 20 மணி நேரமே ஒரு நாள். மரபணு மாற்றத்தால் வந்த இந்த வேறுபாட்டை மார்ட்டின் ரால்ஃபும் மெனேக்கரும் 1988இல் அறிவித்தனர். 1990இல், கடிகாரக் கரு அழிக்கப்பட்ட ஒரு ஹாம்ஸ்டருக்கு வேறொன்றின் கருத்திசுவைப் பொருத்தினர். ஒழுங்கு திரும்பியது. அதைவிட முக்கியமாக, திரும்பி வந்த நாளின் நீளம் திசுவைக் கொடுத்த விலங்கினுடையதாக இருந்தது. கடிகாரத்தை மாற்றியவுடன் நேரமும் மாறியது. ஐயத்துக்கு இனி இடமில்லை.

எலியில் இந்தக் கரு இருபுறமும் சேர்த்து ஏறக்குறைய 20,000 நரம்பு செல்களால் ஆனது. 1995இல் டேவிட் வெல்ஷும் உடன் பணியாற்றியவர்களும் அந்தச் செல்களைத் தட்டில் வளர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு செல்லும் தனித்தனி நேரத்தில் துடிக்கும் ஒரு கடிகாரமாக இருந்தது. மூளைக்குள் அவை ஒன்றோடொன்று பேசி ஒரே நேரத்துக்கு வருகின்றன.

வௌவாலின் மூளையில்

இந்தச் சான்றுகளின் பெரும்பகுதி எலியிலும் ஹாம்ஸ்டரிலும் பெறப்பட்டது. வௌவால் ஆய்வில் உடற்கூறியலாளர்களின் பங்கே முதலில் வந்தது. கோட்டர், பென்ட்னி ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இரு வகை வௌவால்களை ஒப்பிட்டனர். ஒன்று, கண்ணால் வழியறியும் இந்தியப் பெரும் பழந்தின்னி வௌவால். ஊர்ப்புற ஆலமரங்களிலும் புளியமரங்களிலும் பகலில் நூற்றுக்கணக்கில் தொங்குவது இதுவே. மற்றொன்று, எதிரொலியால் வழியறியும் வட அமெரிக்கச் சிறு பழுப்பு வௌவால். முதலாவதன் கண் பெரியது. இரண்டாவதன் கண் மிகச் சிறியது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் எங்கெங்கு முடிகின்றன என்று அவர்கள் தேடினர். உருவத்தைக் காணும் பகுதிகளுக்குச் செல்லும் இழைகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தது. ஆனால் கடிகாரக் கருவுக்கு இழைகள் சென்று சேர்வது இரண்டிலும் இருந்தது.

இதன் பொருள் சிந்திக்கத்தக்கது. பல கோடி ஆண்டுகளாகக் காதை நம்பிப் பறக்கும் விலங்கும், நேரம் அறியக் கண்ணையே நம்பியிருக்கிறது. வௌவாலுக்குக் கண் தெரியாது என்று வகுப்பறையில் பல தலைமுறைகளாகச் சொல்லி வந்திருக்கிறோம். அது தவறு. எல்லா வௌவால்களுக்கும் கண் உண்டு. மிகச் சிறிய கண்ணும் வெளிச்சத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் வேலையைத் தவறாமல் செய்கிறது.

மதுரைக் குகைகள்

மூளைக் கடிகாரத்துக்கு அந்தச் செய்தி எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருந்தால் போதும்? இந்த இடத்தில்தான் மதுரை வரலாற்றுக்குள் வருகிறது.

எம். கே. சந்திரசேகரன், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் பூனிங்கிடம் ஆய்வு செய்தவர். ஈக்களின் உடற்கடிகாரத்தில் தேர்ச்சி பெற்றிருந்தார். 1970களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தை ஆய்வைத் தொடங்கியபோது அவர் தேர்ந்தெடுத்த விலங்கு வௌவால். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நாகமலையும் சமணர் மலையும் இருக்கின்றன. விலை உயர்ந்த இருட்டறைகளைக் கட்ட வேண்டிய தேவை குறைந்தது, மலையே இருட்டறையாயிற்று.

அவரும் ஆர். சுப்பராஜும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான சோதனையைத் தலைகீழாக்கியது. இருட்டில் வாழும் விலங்குக்குச் சிறிது வெளிச்சம் காட்டினால் கடிகாரம் முன்னோ பின்னோ நகரும் என்பது முன்பே தெரிந்தது. இவர்கள் தொடர் வெளிச்சத்தில் வைத்த பூச்சியுண்ணும் வௌவாலுக்கு இடையிடையே இருளைக் கொடுத்தனர். இருளும் கடிகாரத்தை நகர்த்தியது.

அடுத்த ஆய்வுகளுக்கு இலைமூக்கு வௌவால் ஒன்று முதன்மை விலங்காயிற்று. ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் இச்சிற்றினம் பெருங்கூட்டமாகக் குகைகளில் வாழ்கிறது.

ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன், சந்திரசேகரன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஒரு வௌவாலைக் குகையின் இருண்ட உட்பகுதியில் கூண்டில் வைத்து அதன் அசைவைப் பதிவு செய்தனர். வெளிச்சம் அதற்கு எட்டாது. சுற்றிலும் அதே இனத்து வௌவால்கள் வழக்கம்போல் மாலையில் புறப்பட்டு, பின் திரும்பிக்கொண்டிருந்தன. கூண்டிலிருந்த வௌவாலின் நாள், 24 மணி நேரத்தை விட்டு விலகவில்லை. அதேபோல் ஒரு வௌவாலை, வேறு வௌவால்கள் இல்லாத குகையில் தனியே வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் ஓடி, வெளியுலக நாளிலிருந்து விலகிச் சென்றது. கூட்டத்தாரின் நடமாட்டமே அதற்கு நேரம் சொல்லியிருக்கிறது என்பது தெளிவாயிற்று.

எந்தக் கூட்டமானாலும் போதுமா? அதையும் சோதித்தனர். வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வௌவாலை இலைமூக்கு வௌவால்களின் குகையில் கூண்டில் வைத்தனர். சுற்றிலும் அத்தனை ஆரவாரம் இருந்தும் அதன் கடிகாரம் அதற்கு இணங்கவில்லை. 1983இல் வெளியான இம்முடிவு, வெறும் சத்தமோ காற்றோட்டமோ இங்கு வேலை செய்யவில்லை, தன் இனத்தாரிடமிருந்து வரும் குறிப்பே வேண்டும் என்பதை உணர்த்தியது.

கூட்டத்துக்கு நேரம் சொல்வது யார்? வௌவால்கள் புறப்படுவதற்கு முன் குகை வாயில் வரை பறந்து வந்து, வெளிச்சம் இன்னும் இருந்தால் உள்ளே திரும்பிவிடுகின்றன. இதை ஆய்வாளர்கள் 'ஒளி மாதிரி பார்த்தல்' என்பர். சோறு பதமா என்று ஓர் அரிசியை நசுக்கிப் பார்ப்பது போன்றதுதான். அந்தச் சில நொடி வெளிச்சம் போதுமா என்ற கேள்விக்கு டி. எஸ். ஜோஷியும் சந்திரசேகரனும் விடை தேடினர். விண்மீன் ஒளியைவிட மங்கலான 'பகல்' கூட இவ்வௌவாலின் கடிகாரத்தைச் சரிசெய்யப் போதும் என்று 1982இலும், நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.5 மில்லி நொடியே நீடிக்கும் ஒளிமின்னல் போதும் என்று 1984இலும் அவர்கள் காட்டினர். ஒளிப்படக் கருவியின் மின்னல் விளக்கைப் போன்ற ஒரே வீச்சு, மூளையின் நேரத்தை மாற்றிவிடுகிறது.

மூளைக்குள் ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோடு ஒத்துப்போய் ஒரே நேரம் காட்டுகிறது. குகைக்குள் ஒவ்வொரு வௌவாலும் பக்கத்து வௌவாலோடு ஒத்துப்போகிறது. இரண்டும் ஒரே பொறியமைப்பு என்று சொல்லிவிட முடியாது. முன்னதில் இரசாயனமும் மின்னும், பின்னதில் நடத்தையும் வேலை செய்கின்றன. ஆனாலும், பலர் சேர்ந்து ஒரு நேரத்துக்கு வருவது என்ற ஒரே தேவை இரண்டு இடங்களிலும் தீர்க்கப்பட்டிருக்கிறது.

கண்ணின் இன்னொரு வேலை

எந்த நிற ஒளி கடிகாரத்தை அதிகம் நகர்த்துகிறது என்பதையும் மதுரைக் குழு ஆராய்ந்தது. 1985இல் ஜோஷியும் சந்திரசேகரனும் இரண்டு உச்சங்களைக் குறித்தனர். ஒன்று 430 நானோமீட்டர் அருகே, ஊதா கலந்த நீலம். மற்றொன்று 520 நானோமீட்டர் அருகே, பச்சை. ஒன்றுக்கு மேற்பட்ட ஒளியுணர் நிறமிகள் வௌவாலின் நேரக்கணக்கில் பங்கேற்கின்றன என்பதற்கு இது ஒரு குறிப்பு.

பின்னர் விழித்திரையைப் பற்றிய பாடமே மாறியது. குச்சி செல்கள், கூம்பு செல்கள் என்ற இரண்டையே நாம் படித்தோம். 1998இல் இக்னாசியோ புரொவென்சியோவும் குழுவினரும் மெலனாப்சின் என்ற நிறமியைத் தவளையின் தோலில் கண்டறிந்தனர். அது பாலூட்டிகளின் விழித்திரை நரம்பு செல்கள் சிலவற்றிலும் இருப்பது பின்னர் தெரிந்தது. அச்செல்கள் தாமே ஒளியை உணர்ந்து கடிகாரக் கருவுக்கு நேராகச் செய்தி அனுப்புகின்றன என்று 2002இல் டேவிட் பெர்சனும் குழுவினரும் காட்டினர். குச்சி, கூம்பு செல்களின் செய்தியும் இவற்றின் வழியாகவே கருவைச் சேர்கிறது. பார்வை இழந்தவர் பலரின் உடற்கடிகாரம் சரியாக ஓடுவதற்கும், வேறு சிலரின் உறக்கம் ஒவ்வொரு நாளும் தள்ளிக்கொண்டே போவதற்கும் காரணம் இதனால் விளங்கியது.

பீனியல் சுரப்பி

பீனியல் சுரப்பியில் இருந்து மெலடோனினைப் பிரித்தெடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஏரன் லெர்னர், ஆண்டு 1958. சிட்டுக்குருவியில் இச்சுரப்பியை நீக்கினால் நாள் ஒழுங்கு அழிகிறது என்று 1968இல் தெரிந்தபோது, கடிகாரம் இங்குதான் இருக்கிறது என்று சிலர் எண்ணினர். ஆனால் எலியில் அவ்வாறு நிகழவில்லை. பாலூட்டிகளில் பீனியல், கடிகாரக் கருவின் சொற்படி நடக்கும் உறுப்பு. கருவிலிருந்து புறப்படும் ஆணை தண்டுவடம் வரை இறங்கி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாக மேலேறிப் பீனியலை அடைகிறது.

மெலடோனினை 'உறக்க ஹார்மோன்' என்று இதழ்கள் எழுதுவதுண்டு. பகலில் விழித்திருக்கும் விலங்கானாலும் இரவில் விழித்திருக்கும் விலங்கானாலும் அது சுரப்பது இரவில்தான். நமக்கு உறக்க நேரத்தைச் சொல்வது, வௌவாலுக்கு வேட்டை நேரத்தைச் சொல்கிறது. ஆகவே 'இருளின் ஹார்மோன்' என்பதே பொருத்தமான பெயர். வௌவால் இனங்கள் பலவற்றின் பீனியலை அளந்து குன்வர் பட்நாகரும் குழுவினரும் 1986இல் வெளியிட்ட ஆய்வு, அதன் அளவு இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுவதைக் காட்டியது.

கடிகாரம் தவறினால்

கடிகாரக் கரு இல்லாத விலங்கு ஆய்வுக்கூடக் கூண்டில் நலமாகவே வாழும். உணவும் பாதுகாப்பும் எந்நேரமும் கிடைப்பதால் அதற்குக் குறை தெரியாது. காட்டில் என்ன ஆகும் என்று பார்த்தவர் பட்ரீஷியா டிகோர்சி. வௌவால்களின் நாள் ஒழுங்கை 1960களில் ஆராய்ந்தவர்களுள் இவரும் ஒருவர். சிப்மங்க் எனப்படும் அணிலினத்தில் கடிகாரக் கருவை அழித்து மீண்டும் காட்டில் விட்டார். 2000ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, மற்றவற்றைவிட அவை அதிக எண்ணிக்கையில் இரைகொல்லிகளுக்குப் பலியாயின. வளைக்குள் அடங்கியிருக்க வேண்டிய இரவில் அவை விழித்து அசைந்தன. அந்த அசைவு அவற்றைக் காட்டிக்கொடுத்தது.

கருவை அழிக்காமலேயே வௌவாலின் நேரத்தை நாம் குலைக்க முடியும். ஹங்கேரியில் வௌவால்கள் வாழும் கட்டடங்களை இரவில் விளக்கிட்டு அழகுபடுத்தியபோது, அவை புறப்படும் நேரம் தள்ளிப்போனது. விளக்கில்லாக் கட்டடங்களின் குட்டிகளைவிட அங்கே குட்டிகளின் வளர்ச்சி குறைந்திருந்தது என்று 2007இல் வெளியான ஆய்வு கூறுகிறது. விண்மீன் ஒளியைவிட மங்கிய வெளிச்சத்தைக் கொண்டு நேரம் பார்க்கும் விலங்குக்கு, குகை வாயிலிலோ கோயில் மண்டபத்திலோ இரவு முழுதும் எரியும் ஒரு விளக்கு எவ்வளவு பெரிய குழப்பம் என்பதை மதுரை ஆய்வுகளின் எண்களே சொல்லும்.

ஈயில் கடிகார மரபணுக்களின் இயக்கத்தை விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த மரபணுக்களின் உறவுடைய மரபணுக்களே பாலூட்டிகளின் கடிகாரக் கருவிலும் சுழல்கின்றன. செல்லுக்குள் ஓடும் அந்தக் கடிகாரத்துக்கு வெளியே ஒரு சூரியனும், பக்கத்தில் ஒரு கூட்டமும் தேவை என்பதை உலகுக்குக் காட்டியதில் நாகமலை அடிவாரத்தில் நடந்த ஆய்வுக்கும் உரிய இடம் உண்டு. மலைக் குகைகளில் மாலை நேரத்தில் புறப்படும் வௌவால் கூட்டத்தைப் பார்க்கச் செல்லும் மாணவர்கள், கைவிளக்கை அணைத்துவிட்டு நிற்பது நல்லது.